மாறியின் அடுக்கைப் பாருங்கள்: பல்லுறுப்புக்கோவை வகைகளும் நேர், எதிர் மாறல்களும்

இயற்கணிதத்துக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, ஒரு கோவையைக் காட்டி "இது என்ன வகை?" என்று கேட்கும்போது. இன்னொன்று, "இது அதற்கு எதிர் மாறலில் உள்ளது" என்ற வாக்கியத்தைக் கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொல்லும்போது. பாடநூலில் இவை வேறு வேறு அத்தியாயங்களில் இருக்கும். அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நினைத்து, இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாறி எந்த அடுக்கில் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பெயர்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொடங்கும் முன் குறியீடு பற்றி ஒரு சொல். தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளை வைக்கும் வழக்கமும், அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே எழுதும் வழக்கமும் 1637-ல் ரெனே டெக்கார்ட் வழியாகப் பரவியவை. இங்கே நான் அவற்றுக்குப் பதிலாக ய, ர என்று எழுதுகிறேன். மாறாத எண்ணுக்குக் க. எழுத்து எதுவானாலும் கணக்கு மாறப்போவதில்லை.

முதலில் உறுப்புகளைப் பிரியுங்கள்

5ய³ − 2ய² + ய − 9 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும் இடங்களில் வெட்டினால் நான்கு துண்டுகள் கிடைக்கும்: 5ய³, −2ய², ய, −9. ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு. வெட்டும்போது முன்னால் இருக்கும் குறி அந்த உறுப்போடுதான் போக வேண்டும். இரண்டாவது உறுப்பு 2ய² அல்ல, −2ய². தொடக்கத்தில் இந்தக் குறியைத் தவறவிடுபவர்கள் பின்னால் வரும் எல்லாக் கணக்கிலும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

உறுப்பில் மாறிக்கு முன்னால் பெருக்கி நிற்கும் எண் கெழு. 5ய³-ன் கெழு 5. மூன்றாவது உறுப்பான ய-க்கு முன்னால் எண் எதுவும் தெரியவில்லை. கெழு பூச்சியம் என்று சொல்லிவிடாதீர்கள், அது 1. அதுபோல −ய என்றிருந்தால் கெழு −1. கடைசியில் நிற்கும் −9 மாறிலி. அதில் ய இல்லையே என்று தோன்றினால், −9ய⁰ என்று எழுதிப் பாருங்கள். ய⁰ என்பது 1 என்பதால் மதிப்பு மாறாது. மாறிலியின் அடுக்கு பூச்சியம் என்பதைப் பார்க்க இது வசதி.

அடுத்து, இது பல்லுறுப்புக்கோவைதானா?

வகைப்படுத்தக் கிளம்பும் முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். விதி எளியது: ஒவ்வோர் உறுப்பிலும் மாறியின் அடுக்கு 0, 1, 2, 3 என்ற முழு எண்ணாக மட்டுமே இருக்கலாம். குறை எண்ணோ பின்னமோ வந்தால் அது பல்லுறுப்புக்கோவை அல்ல. மாறி தானே அடுக்காக உட்கார்ந்திருந்தாலும் அல்ல. கெழுவுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அது பின்னமாக இருக்கலாம், குறை எண்ணாக இருக்கலாம், வர்க்கமூலமாகக்கூட இருக்கலாம்.

புதியவர்கள் சறுக்குவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். சில கோவைகளைப் பார்ப்போம்.

- 7ய² − ய/3 + √5 : பல்லுறுப்புக்கோவைதான். ய/3 என்பது (1/3)ய. பின்னம் கெழுவில்தான் இருக்கிறது. √5 வெறும் எண்.
- 4√ய + 1 : அல்ல. √ய என்றால் ய-ன் அடுக்கு அரை.
- 6/ய + 2 : அல்ல. 6/ய என்பது 6ய⁻¹.
- πய² : ஆம். π ஓர் எண். எழுத்து போலத் தெரிவதால் அதை மாறி என்று எண்ண வேண்டாம்.
- −8 : ஆம். அடுக்கு 0.
- 2-க்கு மேல் அடுக்காக ய நிற்கும் கோவை : அல்ல. ய²-ம் இதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கலாம். வளரும் வேகத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

(ய² − 1)/(ய − 1) போன்ற ஒன்றைக் கொடுத்து மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. சுருக்கினால் ய + 1 வருகிறதே, அப்படியானால் பல்லுறுப்புக்கோவைதானே? ய = 1 என்னும் இடத்தில் மூலக் கோவைக்கு மதிப்பே கிடையாது; ய + 1-க்கு அங்கே மதிப்பு 2. எனவே இரண்டும் முழுக்க ஒன்றல்ல. எழுதியிருக்கும் வடிவில் அது விகிதமுறு கோவை, அதாவது ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொன்றால் வகுத்து எழுதியது.

சுருக்காமல் பெயர் வைக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வகைப்படுத்துதலில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் நடப்பவை. கீழே உள்ள கோவையைப் பாருங்கள்:

3ய(ய² − 2) + 4ய² − 3ய³ + 7 − ய

கண்ணில் முதலில் படுவது −3ய³. உடனே "முப்படி" என்று எழுதக் கை துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு அடைப்பை விரியுங்கள்:

3ய³ − 6ய + 4ய² − 3ய³ + 7 − ய

இப்போது ஒத்த உறுப்புகளைச் சேருங்கள். ஒரே மாறி, ஒரே அடுக்கு உள்ளவைதான் ஒத்த உறுப்புகள். 3ய³-ம் −3ய³-ம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. −6ய, −ய சேர்ந்து −7ய. மிஞ்சுவது:

4ய² − 7ய + 7

முப்படி என்று நினைத்தது இருபடியாக முடிந்தது. ஐந்தாறு துண்டுகளாக இருந்தது மூன்று உறுப்புகளில் நின்றது. இப்படி அடுக்கு இறங்குவரிசையில் எழுதுவதைத் திட்ட வடிவம் என்பார்கள். அதில் முதலில் நிற்கும் உறுப்பின் கெழுவே முதன்மைக் கெழு, இங்கே 4.

இன்னொன்று:

(ய + 4)² − (ய − 4)²

இரண்டு வர்க்கங்கள் இருப்பதால் இருபடி என்று தோன்றும். விரித்தால் (ய² + 8ய + 16) − (ய² − 8ய + 16). இரண்டாவது அடைப்புக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் மூன்று உறுப்புகளின் குறியையும் மாற்றும். ய² போய்விடும், 16-ம் போய்விடும். மிச்சம் 16ய மட்டும். ஒரே உறுப்பு, அடுக்கு 1. இந்த 16ய-ஐ மனத்தில் வைத்திருங்கள். நேர் மாறலில் இது மறுபடி வரும்.

இரண்டு பெயர்கள்

திட்ட வடிவம் கையில் இருந்தால் வகைப்படுத்துவது ஒரு நிமிட வேலை. ஒரு கோவைக்கு இரண்டு பெயர்கள் உண்டு.

உறுப்புகளின் எண்ணிக்கையை வைத்து: ஓர் உறுப்பு இருந்தால் ஓருறுப்புக்கோவை, இரண்டு இருந்தால் ஈருறுப்புக்கோவை, மூன்று இருந்தால் மூவுறுப்புக்கோவை. அதற்கு மேல் போனால் பொதுவாகப் பல்லுறுப்புக்கோவை என்றே சொல்லி விட்டுவிடலாம்.

படியை வைத்து: கோவையில் உள்ள மிக உயர்ந்த அடுக்கே அதன் படி. படி 0 என்றால் மாறிலி, 1 என்றால் ஒருபடி, 2 என்றால் இருபடி, 3 என்றால் முப்படி, 4 என்றால் நாற்படி. ஆகவே 4ய² − 7ய + 7 ஓர் இருபடி மூவுறுப்புக்கோவை. ய³ − 1 முப்படி ஈருறுப்புக்கோவை. 16ய ஒருபடி ஓருறுப்புக்கோவை.

எல்லாக் கெழுக்களும் பூச்சியமாகிப் போனால் மிஞ்சுவது 0. அதற்குப் பூச்சியப் பல்லுறுப்புக்கோவை என்று பெயர். அதன் படி வரையறுக்கப்படவில்லை என்று எழுதுங்கள், பூச்சியம் என்று எழுதாதீர்கள். 0 என்பதை 0ய என்றும் எழுதலாம், 0ய⁵ என்றும் எழுதலாம். எந்த அடுக்கை எடுப்பது?

மாறிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஓர் உறுப்பில் உள்ள மாறிகளின் அடுக்குகளைக் கூட்டினால் அந்த உறுப்பின் படி. 4ய²ர³-ன் படி 2 + 3 = 5. கோவையில் எந்த உறுப்பின் படி அதிகமோ அதுவே கோவையின் படி. கூட்டும்போது எண்களின் அடுக்கைச் சேர்த்துவிட வேண்டாம்: 2³ய²-ன் படி 2. அங்கே 2³ வெறும் 8.

இரண்டு பெயர்களில் எது முக்கியம் என்று கேட்டால் தயங்காமல் படி என்பேன். உறுப்புகளை எண்ணிச் சொல்லும் பெயர் பேச்சு வசதிக்கு. கோவையின் நடத்தையைச் சொல்வது படி. ஒருபடிக் கோவைக்கு வரைபடம் போட்டால் நேர்கோடு, இருபடிக்குப் பரவளையம். படி ன எனில் அந்தக் கோவை பூச்சியமாகும் இடங்கள், மெய்யெண்களில், அதிகபட்சம் ன. தீர்க்கும் கடினமும் படியோடு ஏறிக்கொண்டே போகும். இருபடிக்கான சூத்திரம் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகிறது. முப்படிக்கும் நாற்படிக்குமான தீர்வுமுறைகளை 1545-ல் கார்டானோ அச்சில் வெளியிட்டார். ஐம்படிக்கு, நான்கு அடிப்படைச் செயல்களையும் மூலங்களையும் மட்டும் கொண்டு பொதுவான சூத்திரம் எழுதவே முடியாது என்று 1824-ல் நீல்ஸ் ஏபெல் நிறுவினார். உறுப்புகள் இரண்டா ஏழா என்பதற்கு இந்தக் கதையில் இடமே இல்லை.

கோவை இல்லை, அட்டவணை மட்டும் இருந்தால்?

சில நேரம் கோவையைத் தரமாட்டார்கள். மதிப்புகளை மட்டும் தருவார்கள். ய = 0, 1, 2, 3, 4 என்று சீராக ஏறும்போது ர = 1, 0, 3, 10, 21 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை எழுதுங்கள்: −1, 3, 7, 11. இவை சமமாக இல்லை, ஆகவே ஒருபடி அல்ல. இந்த வித்தியாசங்களுக்கே மறுபடி வித்தியாசம் எடுங்கள்: 4, 4, 4. இரண்டாம் சுற்றில் சமமாகிவிட்டது. இந்த மதிப்புகளுக்கு ஓர் இருபடிக்கோவை பொருந்தும். அது 2ய² − 3ய + 1. இரண்டாம் வித்தியாசம் முதன்மைக் கெழுவின் இரு மடங்காக இருப்பதையும் கவனியுங்கள். ய சமமான இடைவெளியில் ஏறினால்தான் இந்த வழி செல்லும்.

அட்டவணையைப் பார்த்து உறவைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் அடுத்த பாதிக்கு அப்படியே உதவும்.

நேர் மாறல்

ர என்ற அளவு ய-க்கு நேர் மாறலில் இருக்கிறது என்றால், ய இரு மடங்கானால் ர-ம் இரு மடங்காகும். ய மூன்றில் ஒரு பங்கானால் ர-ம் மூன்றில் ஒரு பங்காகும். ர ∝ ய என்று குறிப்பார்கள். சமன்பாடாக எழுதும்போது ∝ குறியை எடுத்துவிட்டு ஒரு மாறாத எண்ணைப் பெருக்கிவிடுகிறோம்:

ர = கய

இந்தக் க-வுக்கு மாறல் மாறிலி என்று பெயர். இரண்டு பக்கத்தையும் ய-ஆல் வகுத்தால் ர/ய = க. நேர் மாறலுக்கான சோதனை இதுதான்: எந்த இணையை எடுத்து வகுத்தாலும் ஒரே எண் வர வேண்டும்.

சுருள்வில்லை எடுத்துக்கொள்வோம். 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதிப்படி, வில்லை அளவுக்கு மீறி இழுக்காதவரை அதன் நீட்சி இழுக்கும் விசைக்கு நேர் மாறலில் இருக்கும். 2 நியூட்டன் விசைக்கு ஒரு வில் 3 செ.மீ. நீள்கிறது என்றால் 8 நியூட்டனுக்கு எவ்வளவு?

வாக்கியத்தை அப்படியே சமன்பாடாக்குங்கள்: ர = கய. இதில் ர நீட்சி, ய விசை. தெரிந்த இணையை உள்ளே போடுங்கள்: 3 = க × 2. ஆகவே க = 1.5. இப்போது க-வை வைத்துச் சமன்பாட்டை முழுதாக எழுதுங்கள்: ர = 1.5ய. புதிய மதிப்பைப் போடுங்கள்: ர = 1.5 × 8 = 12. விடை 12 செ.மீ.

குறுக்கே பெருக்கியும் இதைச் செய்துவிடலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் க-வைக் கண்டுபிடித்து ர = 1.5ய என்று எழுதிவிட்டால் அடுத்த பத்துக் கேள்விகளுக்கும் அதே சமன்பாடு போதும். மேலும் க என்பது பொருளுள்ள எண்: இந்த வில் ஒரு நியூட்டனுக்கு 1.5 செ.மீ. நீளும். குறுக்குப் பெருக்கலில் அந்தச் செய்தி கைக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

"ஒன்று கூட மற்றதும் கூடினால் நேர் மாறல்" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நம்பாதீர்கள். ர = 2ய + 3 என்பதில் ய கூடக் கூட ர-ம் கூடுகிறது. ய = 1, 2, 3 எனில் ர = 5, 7, 9. வகுத்துப் பாருங்கள்: 5, 3.5, 3. எண் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருபடிக்கோவைதான், நேர்கோடுதான், ஆனால் நேர் மாறல் அல்ல. நேர் மாறலின் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போயே தீர வேண்டும், அதாவது ய பூச்சியமானால் ர-ம் பூச்சியமாக வேண்டும். பல்லுறுப்புக்கோவை மொழியில் சொன்னால், நேர் மாறல் என்பது ஒருபடி ஓருறுப்புக்கோவை. முன்பு சுருக்கிக் கிடைத்த 16ய அப்படிப்பட்ட ஒன்று; க = 16.

அந்த ஒற்றை மாறிலி உறுப்பு எவ்வளவு வம்பு செய்யும் என்பதற்கு வெப்பநிலை நல்ல சான்று. அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் மாறலில் இருக்கிறது. செல்சியஸுக்கு அல்ல. 27 டிகிரி செல்சியஸில் 2 லிட்டர் வாயு இருக்கிறது. 54 டிகிரிக்குச் சூடாக்கினால்? 27 இரு மடங்காகி 54 ஆகிவிட்டது, ஆகவே 4 லிட்டர் என்று எழுதினால் தப்பு. கெல்வினுக்கு மாற்ற, தோராயமாக 273 கூட்டுங்கள்: 300, 327. க = 2/300. புதிய பருமன் (2/300) × 327 = 2.18 லிட்டர். நூற்றுக்கு ஒன்பது பங்குதான் கூடியிருக்கிறது. அலகை மாற்றும்போது ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டியிருந்தால், ஓர் அலகில் நேர் மாறலாக இருப்பது மற்ற அலகில் அப்படி இருக்காது.

எதிர் மாறல்

இங்கே ய இரு மடங்கானால் ர பாதியாகும். ய ஐந்து மடங்கானால் ர ஐந்தில் ஒரு பங்காகும். சமன்பாடு:

ர = க/ய

குறுக்கே கொண்டுவந்தால் யர = க. நேர் மாறலில் வகுத்துப் பார்த்தோம், இங்கே பெருக்கிப் பார்க்க வேண்டும். எந்த இணையைப் பெருக்கினாலும் ஒரே எண் வந்தால் எதிர் மாறல்.

120 கி.மீ. தொலைவை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க 3 மணி. 60-ல் போனால் 2 மணி. 80-ல் ஒன்றரை மணி. எந்த இணையைப் பெருக்கினாலும் 120. க என்பது இங்கே தொலைவே. வெப்பநிலை மாறாத வாயுவின் அழுத்தமும் பருமனும் இப்படியே நடந்துகொள்கின்றன. ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்டது இது.

இங்கேயும் அதே பொறி வேறு உருவில் காத்திருக்கிறது. "ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் மாறல்" என்பதும் போதாது. ர = 10 − ய என்பதில் ய கூடினால் ர குறைகிறது. ய = 1, 2, 3 எனில் ர = 9, 8, 7; பெருக்கினால் 9, 16, 21. இது கீழே இறங்கும் சாதாரண நேர்கோடு. எதிர் மாறலின் வரைபடம் வளைகோடு. அது இரண்டு அச்சுகளையும் நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது. ய-க்குப் பூச்சியம் போட்டுப் பாருங்கள்: வகுக்க முடியாது. பூச்சியத்தில் மதிப்பே இல்லாத இந்த உறவு எந்தப் பல்லுறுப்புக்கோவையாகவும் இருக்க முடியாது; ர = கய⁻¹ என்று எழுதினால் அடுக்கு −1 என்பது கண்ணுக்கே தெரியும்.

ஒரு வேலைக் கணக்கு. 12 பேர் 20 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? ஆள் கூடினால் நாள் குறையும். ஆள் இரு மடங்கானால் நாள் பாதியாகும் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் எடுத்துக்கொள்ளலாம். க = 12 × 20 = 240. ர = 240/ய. ய = 15 எனில் ர = 16 நாள். இங்கே பழக்கதோஷத்தில் 12/20 = 15/ர என்று எழுதுபவர்களுக்கு 25 வரும். ஆளைக் கூட்டினால் நாளும் கூடுகிறதா என்று ஒரு முறை பார்த்தாலே தவறு அகப்பட்டுவிடும்.

அடுக்கு 1 மட்டும்தானா?

இல்லை. "ய-ன் வர்க்கத்துக்கு நேர் மாறலில்" என்றால் ர = கய². வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு இப்படி மாறுகிறது; க = π. ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தொலைவும் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர் மாறலில் இருக்கும். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், மீட்டரிலும் நொடியிலும் அளக்க, க ஏறக்குறைய 4.9.

"வர்க்கத்துக்கு எதிர் மாறலில்" என்றால் ர = க/ய². 1687-ல் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்பு விதியில் விசை தொலைவோடு இப்படித்தான் குறைகிறது; தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒன்று. ஒரு சிறு விளக்கின் வெளிச்சமும் அப்படியே.

அடுக்கு பின்னமாகவும் வரலாம். 1619-ல் கெப்ளர் வெளியிட்ட விதிப்படி, கோள் சூரியனைச் சுற்றிவரும் காலத்தின் வர்க்கம், சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர் மாறலில் இருக்கிறது. காலத்தை ஆண்டிலும் தொலைவைப் பூமியின் தொலைவை 1 என வைத்தும் அளந்தால் க = 1. வியாழனின் தொலைவு 5.2, அதன் கனம் ஏறக்குறைய 140.6, வர்க்கமூலம் எடுத்தால் 11.86 ஆண்டு. வியாழன் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலம் அதுவே. காலத்தைத் தொலைவின் கோவையாக எழுதினால் அடுக்கு ஒன்றரை. எனவே பல்லுறுப்புக்கோவை அல்ல. மாறல் என்ற சொல் பல்லுறுப்புக்கோவையைவிட அகன்ற வட்டம்.

இரண்டு மாறல்கள் ஒரே வாக்கியத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். நேர் என்றால் மேலே, எதிர் என்றால் கீழே. க ஒன்றே ஒன்று. "ர ஆனது ய-க்கு நேராகவும் ச-ன் வர்க்கத்துக்கு எதிராகவும் மாறுகிறது. ய = 12, ச = 2 எனும்போது ர = 6" என்று கொடுத்தால்:

ர = கய/ச²
6 = க × 12/4 = 3க, ஆகவே க = 2
ர = 2ய/ச²

ய = 20, ச = 5 எனில் ர = 40/25 = 1.6.

ஒவ்வொரு மாறலுக்கும் தனித்தனியாக ஒரு க போடுபவர்கள் உண்டு. இரண்டு மாறிலிகளைப் பெருக்கினாலும் அது ஒரு மாறிலிதான்; ஒன்றோடு நிறுத்துங்கள்.

கொஞ்சம் கைப்பழக்கம்

விடையைப் பார்க்காமல் தாளில் போட்டுப் பாருங்கள்.

1. (2ய − 1)² − 4ய² + 4ய : வகை என்ன?
2. 5ய²ர − 3யர³ + 2 : படியும் பெயரும்?
3. ய = 2, 3, 6; ர = 18, 12, 6. என்ன உறவு?
4. ய = 1, 2, 3; ர = 5, 8, 11. நேர் மாறலா?
5. ய = 1, 2, 3; ர = 5, 20, 45. சமன்பாடு?
6. ர, ய-ன் வர்க்கத்துக்கு எதிர் மாறலில் உள்ளது. ய = 4 எனில் ர = 9. ய = 6 எனில் ர?

விடைகள். முதலாவதில் எல்லாம் அடிபட்டு 1 மட்டும் மிஞ்சும். படி 0, மாறிலி. இரண்டாவது நாற்படி மூவுறுப்புக்கோவை. யர³-ன் படி 1 + 3. மூன்றாவதில் பெருக்கற்பலன் எப்போதும் 36, ஆகவே எதிர் மாறல், ர = 36/ய. நான்காவது 3ய + 2. ஒருபடிதான், நேர் மாறல் அல்ல. ஐந்தாவதில் ர/ய மாறுகிறது, ர/ய² மாறாமல் 5-லேயே நிற்கிறது; ர = 5ய². ஆறாவதில் க = 9 × 16 = 144; ர = 144/36 = 4.